ஸ்பானரைவிடப் பொறுமை முக்கியம்

கொல்கத்தா மெக்கானிக்குகளுக்கு அம்பாசிடரைப் பழுது பார்ப்பது கைவந்த கலை. வண்டியோடு வருகிறவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மஞ்சள் டாக்சிகள் விடைபெறும் இந்த நேரத்தில் அந்தப் பாடு இன்னும் கூடியிருக்கிறது.

மூன்று நாளாக வண்டியில் ஒரு சத்தம். வலது பக்கம் திரும்பும்போது மட்டும் 'கடக்' என்கிறது. பட்டறைக்கு ஓட்டி வந்ததும் சத்தம் மாயமாகிவிடுகிறது. மெக்கானிக் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறார். எதுவும் கேட்கவில்லை. "காலையில்கூடக் கேட்டதே" என்கிறார் கார்காரர் சந்தேகத்தோடு. ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் மெக்கானிக்குக்கு வேலை தெரியாது என்று பெயர். எதையாவது கழற்றி மாற்றினால் காசு பிடுங்குகிறார் என்று பெயர். மறுநாள் சத்தம் திரும்பி வந்துவிட்டால் இரண்டு பெயரும் சேர்ந்து வரும்.

உலகத்தில் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் கொல்கத்தாவில் இதற்குத் தனி ருசி இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே காரை ஓட்டிப் பழகிய நகரம் அது. காரைப் பற்றித் தனக்கும் தெரியும் என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் அங்கே ஏராளம். பேசுவதில் சலிப்பே வராத ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. சந்துக்குள்ளோ நடைபாதை ஓரத்திலோ நாலு ஸ்பானரும் ஒரு ஜாக்கியும் வைத்துப் பிழைக்கும் மிஸ்திரிக்குக் கை வேலையைப் போலவே வாய் வேலையும் தொழிலின் ஒரு பாதி.

மிஸ்திரி என்பதுதான் அங்கே மெக்கானிக்கின் பெயர். நம் ஊர் மேஸ்திரியும் வங்காளத்து மிஸ்திரியும் ஒரே போர்ச்சுக்கீசியச் சொல்லின் வாரிசுகள். வாடிக்கையாளரை மிஸ்திரி 'தாதா' என்று கூப்பிடுகிறார். தமிழர்கள் பயப்பட வேண்டாம். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். சண்டை முற்றும்போதும் இந்த 'தாதா' மட்டும் மாறுவதில்லை. குரல்தான் உயரும்.

எல்லாம் தெரிந்த அண்ணன்கள்

இந்தக் கதையின் கதாநாயகன் அம்பாசிடர். 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், 1948இல் கொல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் கடைசியில் அங்கே பிறந்த அம்பாசிடர், 2014 மே மாதம் வரை உற்பத்தியில் இருந்தது. தொழிற்சாலையின் பெயரிலேயே ஹிந்த் மோட்டார் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அமைச்சரிலிருந்து டாக்சி டிரைவர் வரை எல்லோருக்கும் ஒரே வண்டி. உருவத்திலும் அடிப்படை அமைப்பிலும் பெரிய மாற்றம் இல்லாமலே தலைமுறைகள் கடந்தன. ஒரு மாடலின் பல பாகங்கள் அடுத்த மாடலுக்கும் பொருந்தும்.

மெக்கானிக்குக்கு இது வரம். ஒரு வண்டியைக் கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் சோறு. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஓர் ஆள் குனிந்து வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும். கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், டைனமோ எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஆனால் மெக்கானிக்கின் கண்ணுக்குத் தெரிவது வாடிக்கையாளரின் கண்ணுக்கும் தெரியும் அல்லவா? தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இருபது வருடம் அம்பாசிடர் வைத்திருந்தவர் மிஸ்திரியிடம் 'என்ன கோளாறு' என்று கேட்பதில்லை. 'கார்புரேட்டரில் அடைப்பு, சுத்தம் பண்ணு' என்று உத்தரவு போடுகிறார். கோளாறு பெட்ரோல் பம்பில் இருக்கலாம், பிளக்கில் இருக்கலாம். சொன்னபடி கார்புரேட்டரைச் சுத்தம் செய்து அனுப்பினால் வண்டி மறுபடி நிற்கும். பழி மிஸ்திரிக்கு. வேறு இடத்தில் கை வைத்தால் 'நான் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்று' என்பார். அனுபவசாலி மிஸ்திரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மறுப்பதே இல்லை. "சரி தாதா, பார்க்கிறேன்" என்று கார்புரேட்டரைத் திறக்கிறார்கள். போகிற வழியில் பிளக்கையும் கழற்றிக் கரி படிந்திருப்பதை அண்ணன் கையிலேயே கொடுக்கிறார்கள். அண்ணனே கண்டுபிடித்ததாக ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி.

அண்ணன்கள் பட்டறையை விட்டு நகர மாட்டார்கள் என்பது இன்னொரு சிக்கல். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நட்டுக்கும் விளக்கம் கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் வண்டி விட்டவர்களும் கூடினால் அது அட்டா. நேரம் போவதே தெரியாத வங்காளத்து அரட்டைக்கு அதுதான் பெயர். இந்த நேரத்தில் பட்டறைப் பையன் மண் குவளைகளில் தேநீர் கொண்டு வந்து வைப்பது வெறும் உபசாரம் அல்ல. வாய்க்கு வேறு வேலை கொடுக்கும் ராஜதந்திரம்.

வண்டியை வெறும் வண்டியாக நினைக்காதவர்களைச் சமாளிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' (1958) படத்தில் பிமல் என்ற டிரைவர் தன் ஓட்டைச் செவர்லே காருக்கு ஜகத்தல் என்று பெயர் வைத்து, உயிருள்ள துணையைப் போல அதோடு பேசுகிறான். ஊரார் சிரிக்கிறார்கள். கடைசியில் கார் பழைய இரும்புக்குப் போகிறது. சுபோத் கோஷின் சிறுகதையிலிருந்து உருவான இந்தப் படத்தை வங்காளம் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிமல்கள் எல்லாச் சந்துகளிலும் இருந்தார்கள். இறந்துபோன அப்பா ஓட்டிய காரை உயிர்ப்பித்துத் தரச் சொல்பவரிடம் 'இதற்கு ஆகிற செலவில் வேறு வண்டி வாங்கலாம்' என்று கணக்குச் சொல்லும் மெக்கானிக், கணக்கில் ஜெயித்து வாடிக்கையாளரை இழக்கிறார்.

ஒரு வண்டி, இரண்டு எஜமானர்கள்

சொந்தக் கார்காரரிடம் ஒரே ஒரு ஆளைச் சமாளித்தால் போதும். டாக்சி என்றால் இரண்டு பேர். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளில் பலவற்றுக்கு ஓனர் வேறு, டிரைவர் வேறு. டிரைவர் நாள் கணக்கில் ஒரு தொகையை ஓனரிடம் கட்டிவிட்டு, எரிபொருள் போக மிஞ்சுவதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பெரிய ரிப்பேர் ஓனர் பொறுப்பு. பஞ்சர், பல்பு போன்ற சில்லறைச் செலவு டிரைவர் தலையில். எது பெரியது, எது சில்லறை என்பதற்கு எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது.

கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "வண்டி பழசு, தேயத்தான் செய்யும்" என்பது டிரைவர் கட்சி. "கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டினால் தேயாமல் என்ன செய்யும்" என்பது ஓனர் கட்சி. இரண்டு பேரும் தீர்ப்புக் கேட்டு மிஸ்திரியைப் பார்க்கிறார்கள். டிரைவர் பக்கம் பேசினால் ஓனர் தன் மற்ற வண்டிகளையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோவார். ஓனர் பக்கம் பேசினால், நடு ரோட்டில் வண்டி நின்றுபோகும்போது எந்தப் பட்டறைக்குத் தள்ளிப் போவது என்று தீர்மானிப்பவர் டிரைவர்தான் என்பதை மிஸ்திரி மறக்கக் கூடாது.

டிரைவருக்கு நேரமே பணம். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் வருமானத்தில் ஓட்டை. அவர் கேட்பது 'இன்றைக்கு ஓடினால் போதும்' என்கிற வைத்தியம். ஓனர் கேட்பது 'இன்னும் ஆறு மாதத்துக்குச் செலவு வைக்காதே' என்கிற வைத்தியம். ஒரே பாகத்துக்கு இரண்டு மருந்துச் சீட்டு. பட்டறைகளில் கத்தல் கேட்கும் நேரங்களில் பாதி, உண்மையில் மிஸ்திரிக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் சண்டை அல்ல. ஓனருக்கும் டிரைவருக்கும் உள்ள பழைய கணக்கு அங்கே வந்து வெடிக்கிறது.

செல்போன் வந்த பிறகு இதில் ஓரளவு நிம்மதி. தேய்ந்த பாகத்தைப் படம் பிடித்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அவர் 'சரி' என்று பதில் போடும் வரை ஸ்பானரைத் தொடாமல் இருக்கப் பல மிஸ்திரிகள் பழகிவிட்டார்கள். 'நான் சொல்லவே இல்லையே' என்ற வாதம் அதோடு போயிற்று.

பழசா, புதுசா?

சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் அப்படி. பார்க் ஸ்டிரீட் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையைச் சந்திக்கும் இடம் அது. அருகில்தான் 1767இல் திறக்கப்பட்ட பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம். மனிதர்களுக்கு ஒரு பக்கம் கல்லறை என்றால் கார்களுக்கு இன்னொரு பக்கம். ஒரு வித்தியாசம், இங்கே வருகிற கார்களுக்கு மறுபிறவி உண்டு. உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவு, கியர் பாக்ஸ், ரேடியேட்டர், விளக்கு எல்லாம் கடை கடையாகக் குவிந்து கிடக்கும்.

அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு இந்தக் கடைகளின் தயவு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. கூடவே சந்தேகமும் வளர்ந்திருக்கிறது. புதுப் பாகம் போட்டதாகச் சொல்லிப் பழையதைப் போட்டுவிட்டாரா? பழையதுதான் என்றால் எவ்வளவு பழையது? நல்லதாக இருந்த என் பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டாரா? வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதில் ஓடும் கேள்விகள் இவை. சந்தேகப்படுவதற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எல்லாத் தொழிலிலும் இருப்பதைப் போல இங்கேயும் கை நீளமானவர்கள் உண்டு.

நேர்மையான மிஸ்திரிகள் இதற்குக் கண்டுபிடித்த பதில் பழங்காலத்தது. கழற்றிய பாகத்தை ஒரு பையில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவது. புதுப் பாகம் என்றால் அதன் காலி அட்டைப் பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பது. பழைய பாகம் வாங்குவதென்றால் கார்காரரையே கடைக்கு அழைத்துப் போய் அவர் கையாலேயே பணம் கொடுக்க வைப்பது. கூலி மட்டும்தான் தனக்கு என்று ஒதுங்கிவிடுவதால் பாகத்தின் விலையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பில் விஷயத்தில் வேறு மாதிரித் தகராறு. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பல உதிரி பாகங்களுக்கு 28 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம் ஆனது. வரியை மிச்சப்படுத்த 'பில் வேண்டாம்' என்று கடையில் சொன்ன அதே வாடிக்கையாளர், இரண்டு மாதத்தில் பாகம் கெட்டுப்போனால் 'கியாரண்டி எங்கே' என்று மிஸ்திரியிடம் வந்து நிற்பார். காகிதம் இல்லாத பாகத்துக்குக் கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கோட்டு தைத்த கதை

காசு கொடுக்காமல் வண்டியைக் கேட்கும் வாடிக்கையாளரை என்ன செய்வது? சட்டத்தில் பதில் இருக்கிறது. கல்கத்தா இந்தியாவின் தலைநகராக இருந்த காலத்தில் வந்த 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, ஒரு பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர் அதற்குரிய கூலி கிடைக்கும் வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது.

சட்டமே இரண்டு உதாரணங்கள் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும் வரை நகைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டு தைக்கத் துணி வாங்கிய தையல்காரர், தைத்து முடித்ததும் தருகிறேன், பணத்துக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்டிருந்தால், கோட்டைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. மெக்கானிக்குகள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது உதாரணத்தைத்தான். 'அடுத்த மாதம் கொடுங்கள் தாதா' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் வைரத் தொழிலாளி தையல்காரராகிவிடுகிறார். வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டாலும் பிடித்து வைக்கும் உரிமை போய்விடுகிறது. கூலி வரவில்லை என்பதற்காக வண்டியை விற்றுப் பணம் எடுக்கவும் இந்தப் பிரிவு அனுமதி தரவில்லை. வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வைத்துக்கொள்ள இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. சந்துப் பட்டறையில் ஒரு வண்டியை நிறுத்தினால் இன்னொரு வண்டிக்கு இடம் கிடையாது. பணம் கொடுக்காதவரின் காரை ஒரு வாரம் பிடித்து வைத்தால் அந்த ஒரு வாரத்துப் பிழைப்பும் சேர்ந்து போகும். அதே சட்டத்தின் 151ஆவது பிரிவு வேறு இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். ராத்திரியில் தெருவோரம் நிற்கும் காரின் ஸ்டெப்னி காணாமல் போனால் கேள்வி பட்டறைக்காரரைப் பார்த்துத்தான் வரும்.

வாடிக்கையாளர் பக்கமும் சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும், காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யாததைச் சேவைக் குறைபாடு என்கின்றன. மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் என்ன வேலை சொன்னோம், என்ன கொடுத்தோம் என்பதற்குக் காகிதம் வேண்டும். சிகரெட் அட்டையின் பின்புறம் கிறுக்கிய மதிப்பீடு எந்தப் பக்கத்துக்கும் உதவாது. கிலோமீட்டர் அளவு, சொன்ன வேலைகள், உத்தேசச் செலவு, வண்டியில் இருந்த பொருட்கள், முன்பே இருந்த கீறல்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆகும். பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களில் இது வழக்கம். சந்துப் பட்டறையில் இதைக் கேட்டால் 'என்மேல் நம்பிக்கை இல்லையா' என்று இரண்டு பக்கமும் கோபப்படுகிறார்கள். நம்பிக்கை நீடிக்க வேண்டும் என்றால்தான் எழுத வேண்டும் என்பது கடைசிவரை புரிவதில்லை.

மழையும் பூஜையும்

பட்டறைகளுக்கு மிகச் சோதனையான காலம் செப்டம்பர், அக்டோபர். செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை. நமக்கு ஆயுத பூஜை போல அவர்களுக்கு இது. அன்று ஸ்பானருக்கும் ஓய்வு. ஆகாயமெங்கும் பட்டம் பறக்கும். அதற்குச் சில வாரங்களுக்குள் துர்கா பூஜை. குடும்பத்தோடு பந்தல் பந்தலாகச் சுற்ற வேண்டும் என்பதால் ஊரிலுள்ள அத்தனை கார்களும் ஒரே வாரத்தில் தயாராக வேண்டும். யாரிடமும் முடியாது என்று சொல்ல மனம் வராத மிஸ்திரி எல்லோரிடமும் 'கால்' என்று சொல்லிவிடுகிறார். வங்க மொழியில் கால் என்றால் நாளை. நேற்று என்றும் பொருள் உண்டு. வண்டி எப்போது கிடைக்கும் என்ற கேள்விக்கு இதைவிட ஆபத்தான பதில் கிடையாது. பட்டறைச் சண்டைகளில் பெரும்பகுதிக்கு வித்து மோசமான வேலை அல்ல, தாட்சண்யத்தால் கொடுத்த பொய்த் தேதி.

இதற்கு நடுவில் மழை. 2025 செப்டம்பர் 22 இரவிலிருந்து 23 காலைக்குள் கொல்கத்தாவில் சுமார் 250 மி.மீ. மழை கொட்டியது. பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. தெருக்களில் நின்ற கார்கள் பாதி மூழ்கின. அத்தகைய நாட்களில் மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் வடிந்ததும் கார்காரர் முதல் வேலையாகச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே வீணாகும். சாவியைத் தொடாமல் கட்டி இழுத்து வந்திருந்தால் ஆயிலை மாற்றி, சுத்தம் செய்வதோடு பெரும்பாலும் தப்பித்திருக்கலாம்.

இதைச் சொல்லும்போது கார்காரர் முகம் மாறுகிறது. தன் தவறு என்று ஒப்புக்கொள்ளக் கஷ்டம். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்கிறார். சாதாரண பாலிசியில் தொடர் விளைவாக வரும் சேதத்துக்குப் பணம் தருவதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கோரிக்கை வருகிறது: "ஸ்டார்ட் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்களேன்." கத்துகிற வாடிக்கையாளரைவிடக் கெஞ்சுகிற இந்த வாடிக்கையாளரைச் சமாளிப்பது கடினம். பத்து வருடப் பழக்கம் ஒரு பக்கம், கையெழுத்து இன்னொரு பக்கம்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு

புதிய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. 2020 ஏப்ரல் 1இல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் புகையைக் கட்டுப்படுத்தும் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாலும் அண்ணனுக்கு ஒன்றும் புரியாது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி ஓர் எண்ணைப் படிக்கிறார். 'இந்த சென்சார்' என்கிறார். விலையைச் சொல்கிறார். கரி படிந்த பிளக்கைக் கையில் கொடுத்துச் சமாதானம் செய்த காலம் போய்விட்டது. கெட்டுப்போன சென்சாரும் நல்ல சென்சாரும் பார்வைக்கு ஒன்றுதான்.

ஸ்கேனர் தருவது அறிகுறி மட்டும். ஜுரம் 102 என்று தெர்மாமீட்டர் சொல்லும். மலேரியாவா டைபாய்டா என்று சொல்லாது. ஒரு சென்சார் தப்பான அளவு காட்டுகிறது என்றால் சென்சார் கெட்டிருக்கலாம், ஒயரை எலி கடித்திருக்கலாம், அளவே உண்மையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால், 'ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?' என்று கேள்வி வருகிறது. பாகத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கும் நாம், யோசித்ததற்குக் காசு கொடுக்கப் பழகவில்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுக்கிறோம், கையில் கிரீஸ் படிந்தவருக்கு மட்டும் தயங்குகிறோம். அதனால்தான் சில மெக்கானிக்குகள் யோசிப்பதை விட்டுவிட்டு, எண் சொன்ன பாகத்தை அப்படியே மாற்றிவிடுகிறார்கள். அதில்தான் கமிஷன் கிடைக்கிறது. வாடிக்கையாளரின் கஞ்சத்தனமே கடைசியில் அவர் பில்லை ஏற்றுகிறது.

தேதி குறித்த மரணம்

அம்பாசிடர் டாக்சிகளின் பிரச்சினை வேறு. 15 ஆண்டு தாண்டிய வணிக வாகனங்கள் கொல்கத்தா பெருநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் உத்தரவிட்டது. காற்று மாசுதான் காரணம். 2009 ஆகஸ்டிலிருந்து அது அமலாகிறது. உற்பத்தி நின்றது 2014இல். ஆகவே கடைசி அம்பாசிடர் டாக்சியும் 2029 வாக்கில் ஓய்வு பெற்றாக வேண்டும். ஆண்டுதோறும் ஒரு கூட்டம் விடைபெறுகிறது. ஓலா, ஊபர் கார்கள் பெருகிவிட்டன. மஞ்சள் வண்ணம் பூசிய புது மாடல் கார்களும் வந்துவிட்டன.

எட்டு மாதத்தில் உடைக்கப் போகிற வண்டிக்கு யார் செலவு செய்வார்கள்? ஓனர் மனது வைப்பதில்லை. ஆனால் எட்டு ஆண்டைத் தாண்டிய வணிக வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். 'எப்படியாவது பாஸ் ஆக வை, அதற்கு மேல் வேண்டாம்' என்ற கோரிக்கை வருகிறது. கிங் பின் ஆடுகிறது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது. அந்த வண்டியில் நாளை ஹவ்ரா ஸ்டேஷனில் ஏறப்போகும் பயணிக்கு இந்தப் பேரம் எதுவும் தெரியாது.

மிஸ்திரியின் நேர்மைக்கு உண்மையான சோதனை இந்த இடத்தில்தான். பொறுப்புள்ளவர்கள் வேலையைப் பிரித்துக் காட்டுகிறார்கள். நிற்பதற்கான வேலை, திரும்புவதற்கான வேலை இரண்டிலும் பேரம் கிடையாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாகாமல் சாவி கைக்கு வராது. எஞ்சினுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். சீட்டு கிழிந்திருந்தால் இருக்கட்டும், பெயின்ட் உதிர்ந்தால் உதிரட்டும். மிச்சம் பிடிக்க வழி சொல்லிக்கொடுத்தால் ஓனரும் இறங்கி வருகிறார். வெறுமனே 'முடியாது' என்றால், முடியும் என்று சொல்லும் இன்னொரு பட்டறை அடுத்த சந்திலேயே இருக்கிறது.

வேலை குறையக் குறைய அந்த 'முடியாது' சொல்வதும் கடினமாகிறது. காதாலேயே அம்பாசிடரின் நோயைக் கண்டுபிடிக்கும் மூத்த மிஸ்திரிகளுக்கு ஸ்கேனர் பழகுவது சுலபமல்ல. பையன்கள் பைக் பட்டறைகளுக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கும் போகிறார்கள். அங்கே வாடிக்கையாளரோடு பேசுவதற்குத் தனி ஆள் இருக்கிறார், டை கட்டிக்கொண்டு. வேலை செய்கிறவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால். சண்டை இல்லை. நாளைக்கு யார் வண்டியைத் தொட்டார்கள் என்றும் தெரியாது.

கடைசி மஞ்சள் அம்பாசிடர் ரோட்டை விட்டு இறங்கும்போது அதன் ஓனர் மிஸ்திரிக்கு ஏதாவது பழைய பாக்கி வைத்திருப்பார் என்று தாராளமாக நம்பலாம். அதை வசூலிக்கவாவது ஒருமுறை தேநீருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.